இடது கைக் கடிகாரம்

நுவரெலியாவில் ஒரு பெரிய ஹோட்டலுக்குள் இருக்கும் கடிகாரக் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது, எனக்கு முதலில் சொல்லித் தந்தது ‘இல்லை’ என்று சொல்வதைத்தான். அவ்வளவு விலையுள்ள கடிகாரங்களைக் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது. மேசை லாச்சியை இழுத்தால் உள்ளே ஒன்று இருந்தாலும், “இப்போதைக்கு இல்லைங்க, பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்” என்று சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டும். காத்திருந்து வாங்கினால்தான் மதிப்பாம். எங்கள் ஊர் சமையல் கேஸ் கடையில் இதையே சொன்னால் சண்டைதான் வரும். இங்கே ‘தேங்க் யூ’ சொல்லிவிட்டுப் போகிறார்கள். பணக்காரர்களின் பொறுமை எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இந்த வருடம் புது மாடல் வந்தது. தேயிலைக் கொழுந்தின் பச்சையில் முகப்பு. விநாடி முள்ளின் நுனியில் கடுகளவுக்கு இரண்டு இலையும் ஒரு மொட்டும். இலங்கைக்கென்றே கொஞ்சம்தான் செய்தார்களாம். விளம்பரப் படத்தில் ஒரு பெண் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கிறாள். லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கிற என் அம்மாவுக்கு அதைப் போனில் காட்டினேன்.

“அட்டை கடிக்கிற எடத்துல பட்டா? யாரு பெத்த புள்ளயோ, பாவம்” என்றார்.

அறிமுக நாளில் நான்தான் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு விருந்தினர்களுக்குக் காட்ட வேண்டும். அது சரியாக நடந்தால் வேலை நிரந்தரம் என்று கொழும்புத் தலைமைக் கடையிலிருந்து வந்த மிஸ் சொல்லியிருந்தார். ஆனால் கடிகாரம் இடது கையில். எங்கள் தோட்டத்து லய வீடுகளில் இடது கையால் ஒரு தம்ளர் தண்ணீரைக்கூட நீட்ட முடியாது. பெரியவர்கள் முன்னால் எதை நீட்டினாலும் வலது கைதான் முன்னே போகும்; இடது கை வலது முழங்கைக்கு அடியில் சேர்ந்துகொள்ளும். ஒத்திகையில் நானும் அப்படியே செய்தேன். நீட்டிய வலது கை வெறுங்கை. கடிகாரம் முழங்கைக்கு அடியில்.

“நம்முடைய கடிகாரத்தை ஏன் ஒளிக்கிறாய்?” என்று மிஸ் சிங்களத்தில் கேட்டார். வலது கையில் கட்டிக்கொள்ளட்டுமா என்றேன். விளம்பரத்தில் இடது கைதான் என்று முடித்துவிட்டார். கடைக்கு வந்த வெள்ளைக்காரர்களிடம் காட்டிக் காட்டி ஒருவழியாகக் கை வழிக்கு வந்தது.

அறிமுகம் ஒரு மத்தியானத் தேநீர் விருந்து. ஏழெட்டுப் பேரிடம் காட்டி முடித்துத் திரும்பினால், எதிரே எங்கள் தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய துரை, மனைவியோடு நிற்கிறார். துரையின் ஜீப் வந்தால் ரோட்டு ஓரமாக ஒதுங்கி நின்றே வளர்ந்தவள் நான். என் இடது கை என்னைக் கேட்காமலே போய் முழங்கைக்கு அடியில் ஒளிந்துகொண்டது. முதுகும் கொஞ்சம் வளைந்தது.

“கடிகாரம் எங்கே?” என்று துரை ஆங்கிலத்தில் கேட்டார். மிஸ் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. துரை மேல் அல்ல, அவர் கேட்கத்தானே செய்தார். இவ்வளவு பழக்கியும் காலை வாரிவிட்ட அந்தக் கை மேல்தான் கோபம். அதை இழுத்தெடுத்து அவருக்கு முன்னால் நீட்டினேன். முள்ளின் இலை அவ்வளவு சிறியது. துரை கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். என் மணிக்கட்டுக்கு மேலே அவருடைய நரைத்த தலை தெரிந்தது.

நிமிர்ந்து, “எந்தத் தோட்டம்?” என்று தமிழில் கேட்டார். நான் தோட்டத்துப் பிள்ளை என்று முதலில் நின்ற விதத்திலேயே தெரிந்திருக்கும்.

“ஒங்க தோட்டந்தாங்க, துரை. அம்மா அங்கதான் கொழுந்து எடுக்கிறாங்க.”

கடை வழக்கப்படி ஆங்கிலத்தில் ‘சேர்’ என்று சொல்லியிருக்க வேண்டும், வாய் கேட்கவில்லை. அவர் தலையாட்டிவிட்டு, தனக்கு ஒன்று எடுக்கச் சொன்னார்.

“இப்போதைக்கு இல்லைங்க. பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்” என்றேன். லாச்சிக்குள் ஒன்று இருந்தது. துரை ‘தேங்க் யூ’ என்றார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது.

வேலை நிரந்தரம் என்று மிஸ் அன்றைக்கே சொல்லிவிட்டார். மறுநாள் லீவு எடுத்துக்கொண்டு அம்மாவைப் பார்க்கத் தலவாக்கலை பஸ்ஸைப் பிடித்தேன்.

அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். வேலை விஷயத்தைக் கேட்டு முகமெல்லாம் சிரிப்பு. துரையிடம் கை நீட்டியதைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

“எடது கையவா? தொரைக்கா? அடிப் பாவி, நாளைக்குக் காலையில வேலைக்குப் பேரு குடுக்குற பெரட்டுல அவரு மொகத்துல நான் எப்புடிடி முழிக்கிறது?”

“அவரு ஒன்னும் சொல்லலம்மா. குனிஞ்சு பாத்தாரு.”

“குனிஞ்சா?”

“ஆமா, குனிஞ்சுதான்.”

அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டார். பிறகு பக்கத்து வீட்டில் யாராவது நிற்கிறார்களா என்று வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

“எவ்வளவு குனிஞ்சாரு? செஞ்சு காட்டு.”

கண்ணாடியைக் கழற்றுவதுபோல் பாவனை செய்து, துரை மாதிரியே குனிந்தேன். என் முகத்துக்கு நேரே, மாவு ஒட்டிய தன் இடது கையை அம்மா நீட்டிக்கொண்டு நின்றார்.