வைத்திலிங்கம் கேட்ட நுங்கு ஸ்பெஷல்

டம்ளர் தண்ணீரில் கெட்டியாக்கும் பொடியைத் தூவித் தூவிக் கலக்கிக்கொண்டிருந்தாள் ஹோம் நர்ஸ் மங்கையர்க்கரசி. கரண்டியைத் தூக்கினால் தேன்போல வழிய வேண்டும். கட்டி தட்டினால் கொட்டிவிட்டு மறுபடி கலக்க வேண்டும். பதினேழு நாளாக இதே வேலை. பக்கவாதம் வந்தவருக்கு வெறும் தண்ணீர் கொடுத்தால் அது நுரையீரலுக்குப் போய்விடும். கூழாகக் கொடுத்தால் மெதுவாக இறங்கும்.

வைத்திலிங்கத்துக்குப் பாதிகூட இறங்கவில்லை. வாயிலேயே வைத்திருந்தார். கடைவாயில் வழிந்ததைத் துடைத்தாள்.

"போஸ்டர் ஒட்டுற பசை," என்றார் குழறலாக.

"வேற என்னதாண்ணே வேணும்?"

"நுங்கு ஸ்பெஷல்."

"கேட்டீங்களாக்கா?" என்றாள் அடுக்களையிலிருந்து அவர் மகள் வினோதா. "வாய்தான் கோணியிருக்கு, துறைமுக ரோட்டு பாரை மறக்கல."

மறுநாள் ஒன்பது மணிக்கு டாக்டர் வரச் சொல்லியிருந்தார். அதற்குள் ஒழுங்காக விழுங்கத் தொடங்காவிட்டால் மூக்கில் குழாய். குழாயைப் பிடுங்கி எறிந்தவர்களின் கையைக் கட்டிலோடு கட்டிப்போட்டதை மங்கையர்க்கரசி நிறையப் பார்த்திருக்கிறாள். வைத்திலிங்கத்தின் அண்ணன் கடைசி மாதம் அப்படித்தான் கிடந்தார். அதனால் ஆஸ்பத்திரி என்று யாராவது சொன்னாலே வைத்திலிங்கம் நல்ல கையால் மூக்கைப் பொத்திக்கொண்டுவிடுவார்.

மூன்று மணிக்கு வேலை முடிந்ததும் அவள் பஸ்ஸுக்கு நிற்காமல் துறைமுகச் சாலைப் பக்கம் நடந்தாள். செருப்பு வார் வீங்கிய காலில் பதிந்தது. அந்த மனுஷன் அப்படி எதைத்தான் கேட்கிறார் என்று தெரியாமல் பதினெட்டாம் நாளும் பசை கலக்க அவளுக்குத் தெம்பில்லை.

பாரில் நாலு பேர் இருந்தார்கள். ஒருத்தன் டம்ளரை மேசைக்கு அடியில் ஒளித்தான்.

"யாரோட மாமியாருடா இது? அவன் ஒழுங்கா எந்திரிச்சிப் போயிரணும்."

கலக்கிக் கொடுக்கும் புகழேந்தி எட்டிப் பார்த்தான். "யாரைத் தேடுறீங்கம்மா?"

"யாரையும் தேடல. நுங்கு ஸ்பெஷல் ஒண்ணு கொடுங்க."

"உங்களுக்கா?"

"என் பின்னாடி வேற யாரும் நிக்கிறாங்களா?"

மாமியார் என்றவன் சிரித்துப் புரையேறித் திணறினான். "அண்ணாந்து பாக்காத, குனிஞ்சு இருமு," என்றாள். அவன் அப்படியே இருமி அடங்கினான்.

புகழேந்தி இளநுங்கை மத்தால் மசித்தான். எலுமிச்சையும் இஞ்சிச் சாறும் பிழிந்தான், உப்புப் போட்டான், பிராந்தி ஊற்றினான். ஐஸைத் துணியில் சுற்றிக் கட்டையால் அடித்து மேலே கொட்டினான்.

"இதுக்குத்தாம்மா நாகூர்லேருந்தெல்லாம் வர்றாங்க. எதுத்த ஐஸ் கம்பெனியில வைத்தி அண்ணன்னு ஒருத்தர், முப்பது வருஷம் மீன்பிடி போட்டுக்கு ஐஸ் உடைச்சவரு. அவரு சொல்லிக் கொடுத்தது. பல்லு கூசலன்னா திருப்பிக் கொடுத்துருவாரு."

அவள் ஒரு வாய் குடித்தாள். பல் கூசியது. புளிப்பு காதோரம் வரை இழுத்தது. விழுங்க வேண்டும் என்று நினைப்பதற்குள் தொண்டை விழுங்கிவிட்டது.

டம்ளரைக் கீழே வைத்தாள். பயிற்சியில் படித்ததுதான்: மரத்துப்போன தொண்டையைப் புளிப்பும் சில்லிப்பும் எழுப்பும். இரண்டாம் நாளே வினோதாவிடம் சொன்னாள். "சீக்காளிக்கு ஐஸா? சளி கட்டி ஆளையே கொண்டுபோயிடும்," என்று அவள் பொடி கலக்க வெந்நீர்தான் ஆறவைத்துக் கொடுத்தாள். வாதாட அலுப்பாக இருந்ததால் மங்கையர்க்கரசி விட்டுவிட்டாள். அது அவளுடைய தப்பு. ஐஸிலேயே பிழைத்த மனுஷனுக்குப் பதினேழு நாளாக வெதுவெதுப்பான பசை.

எழுந்து போக வேண்டும்தான். ஆனால் இங்கே யாரையும் புரட்டிப் படுக்க வைக்க வேண்டாம், யார் வாயையும் துடைக்க வேண்டாம். கால் மணி நேரம் உட்கார்ந்து பாதி டம்ளரைக் குடித்தாள். பிறகு காசைக் கொடுத்து, "இளசாப் பார்த்து ஆறு நுங்கு கட்டிக் கொடுங்க," என்றாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே வந்துவிட்டாள். நுங்கை அரைத்து வடிகட்டினாள். எலுமிச்சை, உப்பு, கொஞ்சம் பொடி சேர்த்தாள். ஐஸை உள்ளே போடவில்லை. உருகினால் அது வெறும் தண்ணீர். டம்ளரை ஐஸில் புதைத்து வைத்தாள்.

"அக்கா, சளி..." என்று வினோதா ஆரம்பித்தாள்.

"சளி வந்தா மருந்து இருக்கு. மூக்குல குழாயப் போட்டா ராத்திரியெல்லாம் கையைப் புடிச்சிக்கிட்டு நீ நிப்பியா?"

வினோதா தலையணையை எடுத்து வந்து அப்பாவை நிமிர்த்தி உட்கார வைத்தாள். மங்கையர்க்கரசி அவர் முகவாயைத் தாழ்த்தி அரைக் கரண்டி வைத்தாள். தொண்டை மேலே ஏறி இறங்கியது. இருமல் இல்லை.

வைத்திலிங்கம் அவளை முறைத்தார். "சரக்கு இல்ல."

"இல்லதான்."

"புகழேந்தி ஏமாத்திட்டான்."

"நாந்தாண்ணே ஏமாத்துனேன். வாயத் திறங்க."

எட்டு மணிக்குள் பதினோரு கரண்டி போயிற்று. மீதியைப் பிளாஸ்க்கில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் மூன்று கரண்டி கொடுக்கச் சொல்லிக் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். குழாய் இப்போது வேண்டாம், ஒரு வாரம் பார்க்கலாம் என்றார். அதுவரை மூக்கிலிருந்து கையை எடுக்காத வைத்திலிங்கம் ஆட்டோவில் ஏறிய பிறகுதான் எடுத்தார்.

வரும் வழியில் மங்கையர்க்கரசி ஆட்டோவை நிறுத்தி, இறங்கிப் போய், அன்றைக்கு வேண்டிய நுங்கை வாங்கி வந்தாள்.