அக்கி எழுத மாட்டேன் என்றார்

அம்மனைக் கும்பிடுகிற அன்பர்களே, போக இருந்த என் இடது கண்ணை எங்கள் ஊர் எல்லையம்மன் எப்படித் திருப்பித் தந்தாள் என்று சொல்கிறேன். நடுவில் சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். அவளும் சிரித்திருப்பாள்.

எழுபதுகளில் நான் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு மில்லில் கிரேன் ஓட்டினேன். நெல் பயிரிடும் எங்கள் குடும்பத்தில் முதலில் சம்பளத்துக்குப் போனவன் நான்தான். அதனால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஆடி முதல் வெள்ளியன்று நெற்றியின் இடப்பக்கம் நெருப்பாக எரிந்தது. மறுநாள் கொப்புளம். அதற்கடுத்த நாள் அது இமைக்கு இறங்கி, கண் மூடிக்கொண்டது. அக்கி.

அக்கி வந்தால் எங்கள் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார்கள். ஊசி போட்டால் அம்மன் கோபிப்பாள் என்று பயம். குயவர் வந்து, செங்காவியைக் குழைத்து, கொப்புளத்தின் மேல் சிங்க உருவம் எழுதுவார். பக்கத்து ஊர்க் குயவர் முனுசாமி அண்ணனுக்கு ஆள் அனுப்பினோம். சூளை எரிகிறது, இன்று வர முடியாது என்று பதில் வந்தது. வலியில் சுருண்டு கிடந்தேன். "அம்மா, கண்ணு போனா கிரேன் போச்சு, சோறு போச்சு. எப்படியாவது அவரை அனுப்பு" என்று வேண்டினேன்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. அவரேதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் என் முகத்தைப் பார்த்ததும் அவர் காவிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"கண்ணு மேல நான் எழுத மாட்டேன் நைனா. மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க."

"இன்னாண்ணா, சாமி சமாசாரத்துல இப்புடிச் சொல்றியே" என்றாள் என் மனைவி கோகிலா.

"அம்மன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ ரயிலுக்கு நேரம் பாரும்மா."

அம்மனும் கைவிட்டாள், அவள் அனுப்பிய ஆளும் கைவிட்டான் என்று அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவரோ தன் துண்டை என் தலையில் போட்டு, வெயில் படாமல் ரயிலடி வரை கூட்டிவந்தார்.

இன்னும் சில நாள் விட்டிருந்தால் கருவிழி கெட்டுப்போயிருக்கும் என்றார் மெட்ராஸ் டாக்டர். மருந்தில் கொப்புளம் காய்ந்தது, இமையும் திறந்தது. பார்த்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தன. கண்ணைத் திருப்புகிற நரம்பை அக்கி தாக்கியிருக்கிறது, குணமாக மாதக்கணக்காகும், சரியாகும் என்று உறுதியும் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

ஒரு கோகிலா திட்டினாலே தாங்காது. இப்போது இரண்டு பேர். ஆடிக் கடைசியில் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். இல்லாத அகப்பைக்கு நான் சொம்பை நீட்டினேன். கூழ் முழுக்க என் காலில். "ஒரு கண்ணைக் கேட்டா எல்லாத்தையும் ரெண்டா குடுத்துட்டியே தாயே" என்றேன். ஊரே சிரித்தது. ஆனால் மில்லில் கிரேன் ஏற விடவில்லை. கொக்கி இரண்டாகத் தெரிகிறவனை எப்படி ஏற்றுவார்கள்? கீழே கூட்டிப் பெருக்கினேன். தலைக்கனம் அங்கேயே கரைந்தது.

வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போனேன். பூசாரி குங்குமத் தட்டை நீட்டுவார், என் விரல் அவர் மணிக்கட்டில் போய் இடிக்கும். தை மாதம் ஒரு வெள்ளியன்று விரல் நேராகக் குங்குமத்தில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். ஒரே தட்டு. ஒரே அம்மன். திரும்பினால், ஒரே ஒரு கோகிலா நின்று அழுதுகொண்டிருந்தாள்.

மறுநாளே தேங்காய் பழத்துடன் முனுசாமி அண்ணன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். எரிகிற சூளையை விட்டுவிட்டு அன்று ஏன் வந்தீர்கள் என்றும் கேட்டேன்.

"வர முடியாதுன்னுட்டேன், ஆனா கண்ணாண்ட வந்திருக்குன்னு உங்க ஆளு சொன்னது அப்பால மனசுல உறுத்திச்சு, அதான். என் தம்பிக்கு நான்தான் கண்ணு மேல எழுதினேன். எறங்கிடும், எறங்கிடும்னு காத்துக்கினு இருந்தோம். கண்ணு போயிடுச்சு. இனிமே கண்ணு மேல எழுதறதில்லன்னு அம்மன்கிட்ட சத்தியம் பண்ணிட்டேன் நைனா."

அன்பர்களே, அந்தச் சத்தியத்தில்தான் என் கண் பிழைத்தது. இன்று எங்கள் பக்கம் யாருக்கு முகத்தில் அக்கி வந்தாலும் நானே ரயிலேற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். உங்களுக்கும் கஷ்டம் வந்தால் அவளைக் கூப்பிடுங்கள். கட்டாயம் ஆள் அனுப்புவாள். அந்த ஆளை மட்டும் என்னைப் போலத் திட்டாதீர்கள்.