மிருதங்கக்காரருக்கு இடமில்லாத கார்

கார் ஸ்பீக்கர் மாட்டும் தொழிலில் பாதி ஆயுள் முழங்காலில் போகும், மீதி ஆயுள் மல்லாந்து போகும். பாட்டுப் போட்டால் பாட்டை விடக் கதவு அதிகமாகப் பாடுகிற காரில் போய்ப் பழகிய அன்பர்களே, உங்களுக்கு என் கஷ்டம் சொல்லாமலே புரியும். மைசூரில் நாற்பது வருஷமாக இதுதான் என் பிழைப்பு. ஒரு தடவை லாரி ஒன்றுக்கு ஸ்பீக்கர் மாட்டிப் போட்டுக் காட்டினேன். சாமுண்டி மலை நந்தி தலையைத் திருப்பிப் பார்த்தது. நம்பாதவர்கள் இப்போது போய்ப் பார்த்துப் பிரயோஜனமில்லை, அப்புறம் பழையபடி திரும்பிக்கொண்டது. அப்பேர்ப்பட்ட என்னைத் திணற அடித்தது லாரியோ பஸ்ஸோ இல்லை. ஒரு குட்டிக் கார்.

சட்டை மாதிரி ஒரு வண்டி

சிவப்பு நிறம். இரண்டே சீட்டு. கூரையைத் துணிக்குடை மாதிரி மடக்கிப் பின்னால் வைத்துவிடலாம். உயரம் என் இடுப்புக்கு வந்தால் அதிகம். அதில் ஏறி உட்கார முடியாது, சட்டை மாதிரி மாட்டிக்கொள்ளத்தான் முடியும். நான் முதல் தடவை உள்ளே போய் வெளியே வருவதற்குள் பக்கத்து டீக்கடையில் இரண்டு பால் பாக்கெட் தீர்ந்துவிட்டது.

வண்டியின் சொந்தக்காரர் லலிதா, பல் டாக்டர். அப்பா ரயில்வே வேலையாக வந்து மைசூரிலேயே தங்கிவிட்டவர். அதனால் டாக்டரம்மா பேச்சில் பாதி தமிழ், பாதி கன்னடம். அவசரம் என்றால் முழுக் கன்னடம். கிளினிக்கை மூடிய கையோடு இந்தக் காரை வாங்கியிருந்தார். வீட்டுக்காரர் நடராஜன் ரயில் இன்ஜின் ஓட்டி ரிடையர் ஆனவர். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, கூரையைத் திறந்துவிட்டு, வீணைக் கச்சேரி கேட்டுக்கொண்டே பேசிக்கொண்டு போக வேண்டும். டாக்டரம்மாவின் ஆசை அவ்வளவுதான். ஆனால் முதல் நாள் ஊரைச் சுற்றி வந்தபோது மனுஷர் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லவில்லையாம். பாட்டையும் கவனிக்கவில்லை. அவருக்கு வண்டி பிடிக்கவில்லை என்று டாக்டரம்மா முடிவு கட்டிவிட்டார். பழைய ஸ்பீக்கர் காற்றில் கேட்காததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிற கடைசி நம்பிக்கையில் என்னிடம் வந்திருந்தார்.

"ரங்கண்ணா, ஞாயித்துக்கிழமை மேல்கோட்டை போறோம். அன்னிக்கும் இவர் இப்படி உம்முன்னு வந்தார்னா, திங்கக்கிழமை வண்டியை வித்துடுவேன்."

முப்பது வருஷத்துச் சத்தம்

சாதாரணமாக வருகிறவர்கள் ஸ்பீக்கரைக் கண்ணால்தான் தேர்ந்தெடுப்பார்கள். எது பெரிசு, எதில் நீல லைட் எரியும், மச்சினன் காரில் இருப்பதை விட எத்தனை வாட்ஸ் கூட. டாக்டரம்மா அப்படி இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அதே வீணைப் பாட்டை ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் போடச் சொல்லி, பல்லைத் தட்டிப் பார்ப்பது போல விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

கடையிலேயே விலை கூடின ட்வீட்டரை எடுத்துப் போட்டேன். ட்வீட்டர் என்றால் கீச்சுக் குரலுக்கென்றே இருக்கிற குட்டி ஸ்பீக்கர். சத்தம் ஊசி மாதிரி வந்தது. எனக்கு ஒரே பெருமை. டாக்டரம்மா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"இது வேண்டாம் ரங்கண்ணா. இந்தச் சத்தத்துக்குத்தான் முப்பது வருஷமா எல்லாரும் என் நாற்காலியை விட்டு எழுந்து ஓடினாங்க."

கண்ணாடி விவகாரம்

இங்கே பழனிச்சாமியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் மனைவியின் தம்பி. ஐம்பது வயசு. ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்து ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. கை சுத்தம், வேலை சுத்தம், கன்னடம் மட்டும் சுத்தமாக வராது. கதவில் ஸ்பீக்கர் மாட்டும்போது அதன் பின்னால் இருக்கிற காந்தம் எவ்வளவு ஆழம் போகும் என்று முதலில் அளக்க வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும் அளக்காமல் மாட்டினேன். வழுவழுவென்று உட்கார்ந்தது. சுவிட்சை அமுக்கினேன். ஜன்னல் கண்ணாடி நாலு விரல் இறங்கி, காந்தத்தில் டக்கென்று இடித்து நின்றது. எல்லாவற்றையும் கழற்றி ஆழம் குறைந்த ஸ்பீக்கராக மாட்ட ஒரு முழு நாள் போய்விடும். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, பழனிச்சாமி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து ஆறுதல் சொன்னான்.

"கண்ணாடி எறங்காட்டிப் போச்சாதுங்க மாமா, மேல கூரைதான் தொறந்து கெடக்குதே."

சாக்கு

ஆழம் குறைந்ததாகத் தேடி மாட்டினேன். மறுநாள் டாக்டரம்மா கேட்டுப் பார்க்க வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். இடது கதவின் உள்மூடி கழற்றியபடியே இருந்தது. நான் டாஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டு ஒயர் தேடிக்கொண்டிருந்தேன், சத்தத்தைக் கூட்டச் சொன்னேன். கூட்டியதும் கதவுத் தகடு டப்பா மாதிரி அதிர ஆரம்பித்தது. டாக்டரம்மா காதைப் பொத்தி, கண்ணையும் இறுக மூடிக்கொண்டு, அவசரத்தில் முழுக் கன்னடத்துக்குப் போய், சாக்கு சாக்கு என்று சொன்னார். கன்னடத்தில் அதற்குப் போதும் போதும் என்று அர்த்தம்.

பழனிச்சாமிக்கு ஒரே ஒரு சாக்குதான் தெரியும். பக்கத்தில் குண்டலுபேட்டையிலிருந்து மஞ்சள் வந்து இறங்குகிற மண்டி. ஓடிப்போய் ஒரு காலிச் சாக்கு கொண்டு வந்தான். அப்போதும் டாக்டரம்மா சாக்கு சாக்கு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொன்று கொண்டு வந்தான். என்னத்துக்கு என்று யோசித்து, அதிர்கிற கதவுக்காகத்தான் இருக்கும் என்று அவனாகவே தீர்மானித்து, முந்தின நாள் பட்ட பாட்டில் கண்ணாடிக்கு இடம் விட்டு, இரண்டையும் கதவுக்குள் அடைத்து மூடிவிட்டான்.

நான் தலையை வெளியே எடுத்தபோது அதிர்வு நின்றிருந்தது. வீணை கீழ் ஸ்தாயியில் அப்படியே நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. பழனிச்சாமி சாக்கு விஷயத்தை என் காதில் ஓதினான். வெளிநாட்டில் கப்பலுக்கு வைக்கிற நார் இது, உங்களுக்காகவே தருவித்தேன் என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் மூக்கை இரண்டு தடவை உறிஞ்சினார்.

"நார் சரி, ரங்கண்ணா. மஞ்சள் வாசனை வருதே, ஸ்பீக்கருக்குப் பூஜை போட்டீங்களா?"

பக்கவாத்தியம்

சனிக்கிழமை நடராஜன் சாரையே அழைத்து வந்துவிட்டார். சார் இடது சீட்டில், டாக்டரம்மா ஸ்டீரிங்கில். கூரை திறந்திருந்தது. கச்சேரியைப் போட்டேன். சார் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. எப்படி இருக்கு என்று டாக்டரம்மா கேட்டார். சார் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை கேட்டார், அதற்கும் அப்படியே. டாக்டரம்மா மூன்றாவது தடவை கேட்கவில்லை. சாவியைத் திருகி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வண்டி விற்றுப்போன மாதிரிதான் இருந்தது.

சாருடைய கதவை ஒட்டி நின்றிருந்த நான், பழனிச்சாமியிடம் வாய்க்குள்ளேயே, சார் கல்லுப்பிள்ளையாராட்டம் உக்காந்திருக்காரே என்றேன். சார் சட்டென்று என் பக்கம் திரும்பி, பிள்ளையாருக்குக் கேட்கிறது என்றார்.

நாற்பது வருஷத் தொழிலில் அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. இடது காதில் முணுமுணுத்தால்கூடக் கேட்கிறது. வலது காதில் கேள்வியே விழவில்லை. நேராகவே கேட்டேன். ஒளித்துப் பயனில்லை என்று சாரும் ஒப்புக்கொண்டார். இன்ஜின் சத்தத்தில் வலது காது எப்போதோ போய்விட்டது. வெளியே சொன்னால் மனைவி கார் சாவியைப் பிடுங்கி வைத்துவிடுவாள் என்று பயம். வீட்டில் நாற்காலியை மாற்றிப் போட்டுச் சமாளித்திருக்கிறார். அவர் ஓட்டுகிற பெரிய காரில் மனைவி அவருக்கு இடது பக்கம், பிரச்சினையே இல்லை. இந்தச் சிவப்புக் காரில்தான் முதல் தடவையாக அவர் இடது பக்கம் வந்திருக்கிறார். மனைவி பேசினதெல்லாம் போன காதில் விழுந்திருக்கிறது.

டாக்டரம்மா கதவைத் திறந்தார். இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, சாருக்கு இடது பக்கம் குனிந்து, காதில் ஏதோ சொன்னார். ஊரார் பேசுவதெல்லாம் கேட்கிற எனக்கு அது மட்டும் கேட்கவில்லை. சார் சிரித்தார்.

அப்புறம் வேலையைப் பார்த்தேன். அந்தக் கச்சேரிப் பதிவில் வீணை இடது பக்கம், மிருதங்கம் வலது பக்கம். வலது ஸ்பீக்கர் இருப்பதோ டிரைவர் கதவில். இரண்டு பக்கத்துச் சத்தத்தையும் ஒன்றாகக் கலந்து, சாரின் இடது தோளுக்குப் பின்னால் ஒரு ஸ்பீக்கர் வைத்து, அதில் விட்டேன். கொஞ்ச நேரத்தில் சாரின் விரல் கதவின் மேல் தாளம் போட ஆரம்பித்தது.

"அட, மிருதங்கம் இருக்கா. இத்தனை நாளா இது பக்கவாத்தியமே இல்லாத கச்சேரின்னுல்ல நெனச்சுட்டிருந்தேன்."

திங்கட்கிழமை

பாட்டு சரி. ஓட்டிக்கொண்டே டாக்டரம்மா பேசினால் என்ன செய்வது? அதற்கும் ஒரு வழி செய்தேன். சட்டையில் குத்திக்கொள்கிற சின்ன மைக் ஒன்றை வாங்கி, அதையும் சாரின் தோள் ஸ்பீக்கரோடு சேர்த்துவிட்டேன். காற்று அடித்தாலும் மழை அடித்தாலும் அம்மா குரல் நேரே சாரின் நல்ல காதுக்குப் போய்விடும்.

திங்கட்கிழமை காலையில் கடை முன்னால் சிவப்பு வண்டி வந்து நின்றபோது விற்கத்தான் கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன். டாக்டரம்மா முகத்தைப் பார்த்ததும் அப்படி இல்லை என்று தெரிந்துவிட்டது. மேல்கோட்டை போகிற வழியெல்லாம், வருகிற வழியெல்லாம், முப்பது வருஷத்துப் பேஷண்ட் கதை பூராவும் சொல்லி முடித்தாராம். சார் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாராம். வண்டியை விற்கிற பேச்சே இல்லை, அடுத்த வாரம் குண்டலுபேட்டை. டாக்டரம்மா பழனிச்சாமியிடம் அந்தக் கப்பல் நாரைப் பற்றி விசாரிக்கப் போன நேரம் பார்த்து, சார் என் கையைப் பிடித்துத் தன் இடது பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ரங்கசாமி, அந்த மைக்குக்கு ஒரு சுவிட்ச், என் பக்கத்துல, அவ கண்ணுல படாத மாதிரி வைக்க முடியுமா?"

ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்பதுதான் என் தொழில், சுவிட்சை எங்கே வைப்பது என்பது அவரவர் குடும்ப விஷயம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, சீட்டுக்கு அடியில் வைத்துக் கொடுத்தேன்.