சென்னையிலிருந்து டெல்லிக்கு எழுபது வளைவு

கண்ணுகளா, மலைமேல் நம்ம செம்மேட்டிலிருந்து கீழே நாமக்கல் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த ஒரு மிளகு விவசாயியைப் பற்றிச் சொல்கிறேன். நரைத்த மீசை, கையில் ஒரு எலுமிச்சம்பழம். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் அதை மோந்துகொண்டே வந்தார்.

"வாந்தி வருதுங்களா?" என்றேன்.

"எனக்கு வராதுங்க, எம்புள்ளைக்குத்தான் வரும். இப்ப சென்னையிலிருந்து டெல்லிக்கு ப்ளேன்ல போறா, மொத தடவைங்க. பழத்த ஊட்லயே மறந்துட்டா."

"ப்ளேனுக்கு வளைவே இல்லீங்களே!"

"அது நமக்குத் தெரியுதுங்க. அவ வயித்துக்குத் தெரியோணுமே."

டெல்லி ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேலே. ப்ளேனுக்கு ரெண்டே முக்கால் மணி நேரம். எங்கள் பஸ் நாமக்கல் போகவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான்.

"ஊட்ல உக்கார முடியலீங்க. அவ எறங்கறப்ப நானும் எறங்கிக்குவேன்" என்றார். நாமக்கல்லில் அவருக்கு வேறு வேலை இல்லை.

பஸ் ஸ்டாண்டில் போன் வந்தது. பேசி முடித்தவர், "வாந்தியே இல்லையாமுங்க" என்று பழத்தைப் பத்திரமாக வேட்டி மடியில் செருகிக்கொண்டு, அதே பஸ்ஸில் திரும்ப ஏறினார்.

போன மாதம் நீங்கள் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு மைசூர் கிளம்பினீர்கள். உங்களுக்குக் கையாட்டிவிட்டு, கடையில் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு, நான் தனியாக நாமக்கல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.