புரியவில்லை என்று சொன்ன நாள்

அந்த வகுப்பறையின் மேடையில் நான் ஏறி நின்றபோது அப்பா வாசலுக்கு வெளியே நின்றிருந்தார். வழக்கமாகத் திறந்தே கிடக்கும் காக்கிச் சட்டையின் கழுத்துப் பொத்தானை அன்று போட்டிருந்தார். கையில் மணியடிக்கும் இரும்புக் கம்பி இருந்தது. அடுத்த மணிக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. அவருக்கு அந்த வாசலில் வேலை ஒன்றும் இல்லை. கல்லூரிக்குப் போன மகன் பேசுவதைக் கேட்க வந்திருந்தார். உள்ளே வந்து உட்காரும்படி தமிழாசிரியர் கூப்பிட்டதற்கு, "இருக்கட்டுங்க, இங்கியே நல்லா கேக்குது" என்று சொல்லிவிட்டார்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு கார்த்திகை மாதம் அது. திருவண்ணாமலையில் தீபத் திருநாள் முடிந்து, வெளியூர்க்காரர்கள் மூட்டை முடிச்சோடு ரயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அப்பா எங்கள் உயர்நிலைப் பள்ளியில் பியூன். தண்டராம்பட்டுப் பக்கத்தில் ஏர் பிடித்துக்கொண்டிருந்தவர், மழை பொய்த்த ஒரு வருஷம் டவுனுக்கு வந்து இந்த வேலையில் சேர்ந்தார். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார். இங்கிலீஷ் எழுத்து அவருக்குத் தெரியாது. நான் அங்கே படித்த ஆறு வருஷமும், சர்க்குலர் நோட்டை எடுத்துக்கொண்டு என் வகுப்புக்கு வரும்போது அவர் என் பக்கம் திரும்பவே மாட்டார். திரும்பினால் எனக்குக் கூச்சமாக இருக்கும் என்று அவரே முடிவு செய்துகொண்டிருந்தார். கூச்சமாகத்தான் இருந்தது. அதை எழுத இன்று எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எஸ்.எஸ்.எல்.சி.யில் நான் பள்ளியிலேயே முதலாவதாக வந்தேன். ஹெட்மாஸ்டரே விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, வேலூரில் ஒரு கல்லூரியில் பி.யு.சி. வகுப்பில் இடம் கிடைத்தது. பட்டப்படிப்புக்கு முன்னால் ஒரே ஒரு வருஷம் படிக்க வேண்டிய வகுப்பு அது. அதுவரை தமிழிலேயே படித்துவிட்டு வந்தவர்களுக்கு அங்கே எல்லாம் இங்கிலீஷில். முதல் நாள் பௌதிகப் பேராசிரியர் முக்கால் மணி நேரம் பேசினார். எனக்குப் புரிந்தவை "சிட் டவுன்" என்பதும், கடைசியில் சொன்ன "தேங்க் யூ" என்பதும்தான். நடுவில் அவர் ஏதோ வேடிக்கையாகச் சொல்லியிருக்க வேண்டும், எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஒரு விநாடி தாமதமாக. அதன் பிறகு ஆறு மாதம் அப்படித்தான். மற்றவர்கள் தலையாட்டினால் தலையாட்டுவேன், அவர்கள் எழுதினால் நானும் எதையாவது எழுதுவேன். 'டென்சிட்டி' என்று அவர் வாரக் கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தது, நான் பள்ளியில் முழு மதிப்பெண் வாங்கிய அடர்த்திதான் என்று எனக்குத் தெரியாது. நன்றாகத் தெரிந்த ஆள் வேறு சட்டை போட்டுக்கொண்டு எதிரே வந்தால் அடையாளம் தெரியாமல் விழிப்போமே, அப்படி விழித்துக்கொண்டிருந்தேன்.

முதல் பருவத் தேர்வில் பௌதிகத்திலும் ரசாயனத்திலும் தோற்றேன். கல்லூரியிலிருந்து மதிப்பெண் கார்டு வீட்டுக்குத் தபாலில் வந்தது. நான் தீபத்துக்கு ஊருக்கு வரும்வரை அப்பா அதை யாரிடமும் காட்டவில்லை. "நீயே வந்து படிக்கணும்னு வச்சிருந்தேன். என்னா போட்டிருக்கான்?" என்று என் கையில் கொடுத்தார். அம்மாவும் அடுப்படியிலிருந்து எழுந்து வந்து நின்றாள். இரண்டு பாடங்களுக்கு நேரே சிவப்பு மையால் கோடு போட்டு, பையன் வகுப்பைத் தொடர முடியாமல் திணறுகிறான், பெற்றோர் கவனிக்கவும் என்று கீழே இங்கிலீஷில் எழுதியிருந்தது. நான் கார்டைப் பார்த்துக்கொண்டே, "நல்லாப் படிக்கிறான், இப்படியே படிச்சா மேல வருவான்னு போட்டிருக்காங்க" என்றேன். சிவப்புக் கோடு எதற்கு என்று அப்பா கேட்டார். "அது ஜாஸ்தி மார்க் வாங்கினதுக்கு" என்றேன். அவர் கார்டைத் திரும்ப வாங்கி, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

பள்ளி திறந்ததும் ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பில் நான் பேச வேண்டுமாம். "பெரிய பேச்செல்லாம் வேணாம்ப்பா. போன வருஷம் இதே பெஞ்சில உக்காந்திருந்தியே, அந்தப் பையன் இப்ப உன் எதிர்ல வந்தா அவனுக்கு என்னா சொல்லுவே? அதச் சொல்லு, போதும்" என்றார்.

நான் சொன்னதெல்லாம் யாரும் சொல்லக்கூடியதுதான். காலையில் எழுந்து படியுங்கள், கையெழுத்தைத் திருத்திக்கொள்ளுங்கள், தினம் பத்து இங்கிலீஷ் வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள், சினிமாவுக்குப் போவதைக் குறையுங்கள். பேசப் பேச எனக்கே என் குரல் பிடித்துப்போனது. அந்தப் பழைய பையன் எதிரில் இருந்தால் நம்பியிருப்பான். முடிக்கும்போது ஹெட்மாஸ்டர், யாராவது ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். பெண்கள் பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். வேங்கிக்காலிலிருந்து தினமும் நடந்தே பள்ளிக்கு வருகிறவள்; விவசாயக் குடும்பத்துப் பெண்.

"அண்ணா, அங்க எல்லாத்தையும் இங்கிலீஷ்லதான் நடத்துவாங்களாமே. உங்களுக்குப் புரிஞ்சுதுங்களா?"

முதலில் கஷ்டமாக இருக்கும், போகப்போகப் பழகிவிடும் என்று ஒரு பதில் என் வாயில் தயாராக இருந்தது. ஆனால் அவள் கேட்டுவிட்டு உட்காரவில்லை. நோட்டைக் கையில் விரித்துப் பிடித்து, பென்சிலை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றாள். நான் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளப் போகிறாள். அதுவரை நான் பேசிய எதையும் யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அந்தப் பென்சிலைப் பார்த்ததும் என்னால் அந்தப் பதிலைச் சொல்ல முடியவில்லை.

"புரியல" என்றேன். "மொத நாளும் புரியல. போன வாரம் வரைக்கும் புரியல. ரெண்டு பாடத்துல பெயிலாயிட்டேன்." பின்னால் ஒருவன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டான். "போன வருஷம் இங்க உக்காந்திருந்தவனுக்கு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவேன். புரியாதப்ப தலையாட்டாதே" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தேன். அப்பா அங்கே இல்லை. சற்று நேரத்தில் மணி அடித்தது. பாடவேளை முடிய இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. அவ்வளவு வருஷ வேலையில் அப்பா நேரம் தவறி மணி அடித்தது அந்த ஒரு தடவைதான் என்று ஹெட்மாஸ்டர் பிற்பாடு சொல்வார். கோபத்தில் அடித்தாரா, என்னை அந்த மேடையிலிருந்து இறக்கிவிட அடித்தாரா என்று நான் கடைசிவரை அவரிடம் கேட்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். அம்மா எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, கொண்டுவந்த தண்ணீர்ச் செம்பைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

"பெயிலானது பெயிலானதுதான், அது போவட்டும்" என்றார் அப்பா. "அந்தக் கார்டுல இல்லாதத எப்பிடிடா படிச்சே? எனக்குத் தெரியாதுன்னுதான?"

என்னை அவர் அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் அழுதேன். அவர் எழுந்து போய் சாமி படத்தின் பின்னாலிருந்து கார்டை எடுத்து வந்தார். "இப்ப எழுதியிருக்கறதப் படி." ஒவ்வொரு வரியாகப் படித்து, தமிழில் சொன்னேன். முன்பு பொய்யைக் கேட்டபோது எவ்வளவு கவனமாகக் கேட்டாரோ, அதே கவனத்தோடு கேட்டார். 'திணறுகிறான்' என்ற இடத்தில் மட்டும் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

"புரியலன்னு அங்க யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லப்பா. எல்லாரும் சிரிப்பாங்க."

"இன்னைக்கு நாப்பது பேரு எதிர்ல சொன்னியே, எத்தினி பேரு சிரிச்சான்?"

"ஒருத்தன்."

"அவ்ளோதான?" என்றார். பிறகு, "நாளைக்கு நானும் வரேன்" என்றார்.

வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். காக்கிச் சட்டையில் அவர் என் கல்லூரிக்குள் நடந்து வருவதை நினைக்கவே கூச்சமாக இருந்தது. அது அவருக்குத் தெரியாமல் இருக்குமா? மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். மணியை யார் அடிப்பது என்ற கவலைதான் அவருக்கு ஜாஸ்தியாக இருந்தது. ஹெட்மாஸ்டர் வீட்டுக்கே போய் லீவு கேட்டபோது, "நான் அடிச்சுக்கறேன், நீ போய்ட்டு வாய்யா" என்றாராம்.

காலை ரயிலில் வேலூருக்குப் போனோம். கல்லூரியில் அப்பா நேராக ஆசிரியர்கள் அறைக்குப் போகவில்லை. வராந்தாவில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த பியூனிடம் போய், "நானும் ஸ்கூல்ல இதே வேலதாங்க" என்று ஆரம்பித்தார். ஐந்து நிமிஷத்தில் இருவரும் ஒரே வெற்றிலைப் பையில் கைவிட்டுக்கொண்டிருந்தார்கள். "இப்பப் போனா சிடுசிடுன்னு இருப்பாரு. காப்பி குடிச்சிட்டு வரட்டும், நானே கூட்டிப் போறேன்" என்றார் அந்தப் பியூன். ஆறு மாதமாக நான் அவரைத் தாண்டித்தான் தினமும் போய்வந்துகொண்டிருந்தேன். ஒரு நாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பௌதிகப் பேராசிரியர் எங்களைப் பார்த்து எழுந்து நின்றார். அப்பா கைகூப்பி, "எம் பையனுக்கு நீங்க நடத்தறது புரியலீங்களாம். உங்க மேல தப்பில்லீங்க. சொல்றதுக்கு பயந்துகிட்டு சும்மா இருந்துட்டான்" என்றார். பேராசிரியர் என்னைத் தமிழில் கேட்டார். அவர் தமிழ் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அடர்த்தின்னா என்னன்னு தெரியுமா?"

சொன்னேன். பள்ளியில் எழுதியபடியே, ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். "இதத்தானேப்பா நான் மூணு வாரமா நடத்தினேன்" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை. அவருக்குத்தான் ஏதோ தவறிப்போனது போல இருந்தது. "உன்ன மாதிரி இன்னும் எத்தனை பேரு இருக்காங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டல்லவா இருந்தார்கள்!

மறுநாள் வகுப்பில் அவரே கேட்டார். நான் கையைத் தூக்கினேன். நீண்ட நேரம் என் கை மட்டும்தான் மேலே இருந்தது. பிறகு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எப்போதும் முதலில் சிரிக்கிறவன் கையைத் தூக்கினான். அப்புறம் ஆறு பேர். வகுப்பு முடிந்ததும் எங்கள் எட்டுப் பேருக்குக் கரும்பலகையின் ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் இங்கிலீஷிலும் எழுதிப்போட்டுப் பாடம் சொன்னார். அது ஒரு மாதம்தான் நடந்தது. அதற்கு மேல் அவருக்கு நேரம் இல்லை. மிச்சத்தை நாங்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். ஆண்டுத் தேர்வில் பௌதிகத்தில் பாஸ் பண்ணினேன். ரசாயனத்தில் ஐந்து மார்க்கில் போய்விட்டது. செப்டம்பரில் மறுபடி எழுதலாம் என்று வீட்டுக்கு வந்தேன். இந்தத் தடவை கார்டைப் பிழையில்லாமல் படித்தேன்.

அந்தக் கோடையில்தான் வேங்கிக்கால் பெண்ணும் அவளுடைய அப்பாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவள் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். வேலூரில் பெண்கள் கல்லூரி ஒன்றில் இடமும் கிடைத்திருந்தது. அவளுடைய அப்பா துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"உங்க புள்ளையே அங்க போய் திணறிப்புட்டான்னு எல்லாரும் சொல்றாங்க. ஸ்கூல்ல மொத மார்க் வாங்கின புள்ள. எம் பொண்ணு என்னா பண்ணும்? அனுப்பலாமா வேணாமான்னு தம்பியே சொல்லட்டும்."

நான் உண்மை சொன்னதால் ஒரு பெண்ணின் படிப்பு நின்றுபோகப் பார்க்கிறது. அனுப்புங்கள் என்று சொல்லத் துணிச்சல் வரவில்லை. நானே தோற்று வந்து உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, கதவுப் பக்கம் தலையைக் குனிந்து நின்றிருந்தாள். அன்று அந்தக் கேள்வியைக் கேட்டதற்காக அவள் வருந்தியிருப்பாள் என்று நினைத்தேன்.

அப்பாதான் பேசினார். அவளைப் பார்த்து நேராகப் பேசினார்.

"நீ போம்மா. புரியலன்னா கேளு. அங்க கேக்கறதுக்கு கூச்சமா இருந்துச்சுன்னா எனக்கு ஒரு கார்டு போடு. நான் வந்து கேக்கறேன். எனக்கு அங்க வழி தெரியும்."

அவளுடைய அப்பா முதலில் சிரித்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆனி மாதத்தில் அவள் வேலூருக்குப் போனாள்.

எனக்கு இப்போது அப்பாவுடைய அன்றைய வயதைவிட முப்பது வயது கூட. ஒரு அரசு அலுவலகத்தில் காலம் முழுக்க வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் நான் சொல்லிக்கொடுக்கும்போது வேகமாகத் தலையாட்டினால் எனக்குச் சந்தேகமாக இருக்கும். நிறுத்தித் திரும்பச் சொல்லுவேன். வேங்கிக்கால் பெண் பள்ளி ஆசிரியையாகிப் பல ஊர்களில் வேலை பார்த்தாள். ரசாயனத்தை முடிக்க எனக்கு மேலும் இரண்டு வருஷம் ஆனது; என்னைவிட ஒரு வருஷம் பின்னால் போனவள், என்னைவிட முன்னால் பட்டம் வாங்கினாள்.

அவள் வேலூருக்குப் போன அந்த வருஷம் ஆவணியில், பள்ளி விலாசத்துக்கு அப்பா பெயரில் ஒரு கார்டு வந்தது. அப்பாவுக்கென்று அந்த விலாசத்துக்கு அதற்கு முன் தபால் வந்ததே இல்லை. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வேலூருக்குப் போக வேண்டியிருக்கும் என்று நினைத்து, ஹெட்மாஸ்டரிடம் லீவுக்குச் சொல்லிவிட்டே வந்திருந்தார். நான் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. விளக்கடியில் உட்கார்ந்து, கார்டைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து, தமிழில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி அவரே படித்தார்.

"மாமாவுக்கு வணக்கம். நானே கேட்டுவிட்டேன். நீங்கள் வர வேண்டாம்."