வலது கால் இறங்காத ஞாயிறு

மச்சாள் சுவிட்சை விரலால் அமத்தினார். ஒரு சத்தமும் வரவில்லை. திரும்பவும் அமத்தினார். சுவிஸ் நாட்டின் சோலோதுர்ன் நகருக்கு வெளியே, ஆற்றோரப் புல்வெளி ஒன்றில், ஞாயிறு காலை எட்டு மணி. தூரத்துத் தேவாலய மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. எங்களுக்குப் பின்னால் நின்ற சமையல் ட்ரெயிலரின் முன்கால்கள் இரண்டும் மேலே ஏறியபடியே இருந்தன. பன்னிரண்டரை மணிக்கு நூற்றெண்பது பேருக்குக் கலியாணச் சாப்பாடு. நாலு வருடமாகிறது. அந்தக் காலையை நினைத்தால் நெஞ்சு இன்னும் வேகமாகத்தான் அடிக்கிறது. அவ்வளவு உற்சாகமாகக் கழிந்த நாட்கள் என் வாழ்க்கையில் அதிகமில்லை.

மச்சாள் என் அண்ணனின் மனைவி. என்னையும் அவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவார். நான் இங்கேயே பிறந்து, கட்டட வரைபடம் கீறும் அலுவலகத்தில் வேலை செய்பவள். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணமாகி வந்து, பேர்ண் நகருக்குப் பக்கத்தில் ஓஸ்டர்முண்டிகனில் குடியிருந்துகொண்டு, பதினொரு வருடம் ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் தட்டுக் கழுவியவர். தட்டுக் கழுவும் இயந்திரம் நின்றுபோனால் திருத்த ஆள் வரும்வரை மற்றவர்கள் தேநீர் குடிப்பார்கள். மச்சாள் மட்டும் வந்தவருக்குப் பக்கத்தில் போய் நின்று, அவர் எதை முதலில் பார்க்கிறார், எதை இரண்டாவதாகப் பார்க்கிறார் என்று கவனித்துக்கொண்டிருப்பார். இப்படிக் கவனித்தே மின்சார வேலை பாதி பிடிபட்டுவிட்டது. பிறகு ஒருநாள், ஊர்ச் சந்தைகளில் பலகாரம் விற்று ஓய்வுபெற்ற ஒரு சுவிஸ் தம்பதியிடம் அந்த ட்ரெயிலரை வாங்கினார். அண்ணன் கோபித்து ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை. இந்தக் கலியாணச் சாப்பாடுதான் முதல் ஓடர். இது சரிவந்தால் ஆஸ்பத்திரி வேலையை விடுவது, பிழையாய்ப் போனால் ட்ரெயிலரை விற்பது என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

சாதாரண ட்ரெயிலர் வண்டியின் பின்பக்கக் கொக்கியில் மாட்டப்படும். இதன் நீண்ட கழுத்தோ இழுக்கும் பிக்கப் வண்டியின் முதுகிலேயே ஏறி உட்கார்ந்திருக்கும். கழற்றுவதென்றால் முன்பக்கம் இரண்டு கால்கள் கீழே இறங்கி நிலத்தில் ஊன்றிப் பாரத்தைத் தாங்க வேண்டும். கால்களை இறக்க ஒரு மோட்டர் உண்டு. அது இடது காலோடு இருக்கும். அங்கிருந்து குறுக்கே போகும் ஒரு தண்டு வலது காலைச் சுழற்றும். கால்கள் ஊன்றி ட்ரெயிலர் மட்டமாக நின்றால்தான் மச்சாள் அடுப்பு மூட்டுவார். கொதிக்கும் எண்ணெய் சரிந்து நிற்கக் கூடாது என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவே மாட்டார்.

பிக்கப் எங்களுடையதல்ல. பக்கத்து ஊர் விவசாயி ஒருவர் தன் வண்டியால் இழுத்து வந்திருந்தார். அவர் வெட்டிப் போட்ட புல் காய்ந்து வயலில் கிடந்தது. மூன்று மணிக்கு மழை என்று வானிலை அறிக்கையில் சொல்லியிருந்தார்கள். பத்து மணிக்குள் விட்டுவிட்டால் போதும் என்றார், கைக்கடிகாரத்தைப் பாராமல். அதுவே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை. ஒரு ஆணி வாங்கக்கூடக் கடை இல்லை.

"பற்றறி செத்துப்போச்சோ?" என்று கேட்டேன்.

"உள்ளுக்க லைற் எரியுது. பற்றறி நல்லாத்தான் இருக்கு" என்றபடி மச்சாள் கீழே படுத்தார். கையில் சோதனை விளக்கு. பியூசில் வைத்தார், எரிந்தது. சுவிட்சில் வைத்தார், எரிந்தது. "இப்ப நீர் அமத்தும்" என்றார். நான் அமத்த, மோட்டருக்குப் போகும் வயரிலும் விளக்கு எரிந்தது. "கரண்ட் மோட்டர்வரைக்கும் வருது. திரும்பிப் போறதுக்குத்தான் வழியில்லை" என்று சொல்லிவிட்டு, பற்றறியின் மறுமுனையிலிருந்து ஒரு நீள வயரை இழுத்து மோட்டரின் உடம்பில் தொட்டார். மோட்டர் உறுமியது. எனக்குத் துள்ள வேண்டும்போல இருந்தது.

குற்றவாளி ஒரு துருப்பிடித்த போல்ட். மோட்டரின் எர்த் வயரைச் சட்டத்தோடு பிடித்திருந்த இடம் முழுக்கப் பச்சையும் பழுப்புமாய்ப் பூத்திருந்தது. மச்சாள் அதைக் கழற்றி, பாத்திரம் தேய்க்கும் கம்பிப் பஞ்சால் உலோகம் மினுங்கும்வரை தேய்த்து, திரும்ப இறுக்கினார். சுவிட்சை அமத்தினேன். கால்கள் இரண்டும் சீராக இறங்கின. விவசாயிகூடக் கைதட்டினார். வலது கால் நிலத்தைத் தொட்டது, ட்ரெயிலரின் மூக்கு ஒரு விரலளவு எழும்பியது. அப்போது 'டப்' என்று ஒரு சத்தம். வலது கால் நின்றுவிட்டது. இடது கால் மட்டும் இறங்கிக்கொண்டே போனது. கையைச் சட்டென்று எடுத்தேன்.

விவசாயி குனிந்து பார்த்தார். குறுக்குத் தண்டை வலது காலோடு இணைக்கும் சின்ன ஊசி இரண்டாக முறிந்திருந்தது. "இது முறியவென்றே செய்த ஊசி" என்றார் தன் பேர்ண் வட்டார ஜெர்மன் பேச்சில். "என் புல்வெட்டியிலும் உண்டு. கல்லில் இடித்தால் இது முறியும், இயந்திரம் தப்பும்." பெட்டியைக் கிண்டினார். ஒரேயொரு ஊசி கிடைத்தது. அவரது புல்வெட்டிக்கென்று வைத்திருந்த மிச்சம். அன்று பின்னேரம் அவருக்கே தேவைப்படலாம். அதை மச்சாளின் கையில் வைத்தார்.

மச்சாள் திரும்பவும் கீழே படுத்தார். முதலில் இடது காலை மேலே ஏற்றி வலதோடு சமப்படுத்தினோம். பிறகு தண்டின் துளையும் காலின் துளையும் நேராக வரவேண்டும். நான் சுவிட்சைத் தொட்டுத் தொட்டு விட்டேன். "இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். நில்லும். கூடிப்போச்சு, பின்னுக்கு விடும்." துளைக்குள் மறுபக்க வெளிச்சம் தெரிகிறது என்றார். அந்த நேரத்தில்தான் என் கண் கால்களில் பட்டது.

ஒவ்வொரு காலுக்குள்ளும் கையால் இழுத்து நீட்டும் உட்குழாய் ஒன்று உண்டு. அதில் வரிசையாகத் துளைகள். எந்தத் துளையில் பூட்டுகிறோமோ அந்த அளவுக்குக் கால் நீளம். இடது காலில் மூன்று துளைகள் வெளியே தெரிந்தன. வலதில் நாலு. காலையில் இரண்டையும் பூட்டியது நான். வலது கால் ஒரு துளை நீளமாக இருந்ததால் முதலில் ஊன்றி, முழுப் பாரத்தையும் தனியே வாங்கியிருக்கிறது. சொல்லாமல் விட்டால் இந்த ஊசியும் முறியும். சொன்னால், பதினொரு வருடக் கனவை முறிக்கப் பார்த்தவள் நான் என்றாகும்.

"மச்சாள், ஊசியைப் போடாதேங்கோ. நான்தான் பிழையாப் பூட்டிப்போட்டன். வலது கால் ஒரு துளை கூட."

மச்சாள் கீழிருந்து தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்தார். முகம் முழுக்கக் கிறீஸ். "வடிவாப் பார்த்தனீரோ?"

"ஓம். மூண்டும் நாலும்."

"அப்ப காரணம் பிடிபட்டிட்டுது" என்றார். அவர் முகத்தில் வந்த சந்தோசத்தை நான் எதிர்பார்க்கவேயில்லை. "ஏன் முறிஞ்சதெண்டு தெரியாமல் ஊசியைப் போடத்தான் எனக்குப் பயமா இருந்தது. இனிப் பயமில்லை. ஊசியைப் போடுறன். காலைத் தூக்கினாப் பிறகு நீரே சரியாப் பூட்டும்."

கால்களை உயர்த்தி, நானே துளையை எண்ணிப் பூட்டினேன். இரண்டு தடவை எண்ணினேன். பிறகு சுவிட்சை அமத்தினேன். இரண்டு பாதங்களும் ஒன்றாக நிலத்தைத் தொட்டன. ட்ரெயிலரின் மூக்கு மெதுவாக, ஒரு முனகலோடு எழும்பியது. விவசாயி ட்ரெயிலரின் கழுத்தைப் பிடித்திருந்த கொளுவியைத் திறந்து, வண்டியை முன்னால் எடுத்தார். ட்ரெயிலர் தன் காலில் தானே நின்றது. ஒன்பதே முக்கால். மச்சாள் தரையில் ஒரு கிண்ணத் தண்ணீரை வைத்து மட்டம் பார்த்தார். கைகழுவி அடுப்பை மூட்டினார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம்தான். கத்தரிக்காய் பொரிந்தது, பருப்பு வெந்தது, நான் வாழ்க்கையில் முதல்முறையாக இருநூறு வடை தட்டினேன். பன்னிரண்டரைக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் பந்தியில் உட்காரும்போது சோற்றில் ஆவி பறந்தது. மூன்று மணிக்குச் சொன்னபடி மழை வந்தது. அதற்குள் புல்லை ஏற்றிவிட்டதாக விவசாயி தொலைபேசியில் சொன்னார்.

இன்று மச்சாளிடம் நாலு பேர் வேலை செய்கிறார்கள். சூரிச்சிலிருந்துகூடக் கலியாண ஓடர்கள் வருகின்றன. அவருடைய சனிக்கிழமைகளில் ஒன்றைப் பிடிக்க நானே முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கு அடுத்த நாள் பின்னேரம் அவர் என் வீட்டுக்கு வந்து, ஆஸ்பத்திரிக்கு ராஜினாமாக் கடிதம் எழுதித் தரச் சொன்னார். ஜெர்மனில் ஒரேயொரு வரி எழுதி வாசித்துக் காட்டினேன்.

"ஒரு வசனம் காணுமோ?"

"காணும் மச்சாள், இதுவே போதும்."

பேனையை வாங்கினார். பதினொரு வருடமாக அந்த ஆஸ்பத்திரித் தாள்களில் சுவிஸ்காரர் வாசிக்கக்கூடிய எழுத்திலேயே கையெழுத்துப் போட்டு வந்தவர், அன்று நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, தன் பெயரைத் தமிழில் எழுதினார்.