விரதமும் வெறும் வயிறும்

வவுனியாவில் சூரியன் உதிப்பதே தாட்சாயினி அக்கா தன் கொப்பியில் நேரம் குறித்துக் கொடுத்த பிறகுதான். உடல் எடையைக் குறைக்கும் சத்திரசிகிச்சைக்கு ஆட்களை ஆயத்தப்படுத்தி அனுப்புவது அவருடைய வேலை. கத்தி பிடிப்பது டொக்டர், மற்றதெல்லாம் அக்கா. இரத்தப் பரிசோதனைக்கு ஆளை இழுத்துப் போவார், திகதி எடுப்பார், "நேற்று எத்தினை ரோல்ஸ்?" என்று போனில் மிரட்டுவார்.

பூவரசங்குளத்துச் சிவனேஸ்வரியை எட்டு மாதமாக அப்படித்தான் விரட்டினார். நூற்று முப்பத்தெட்டுக் கிலோ, சீனி வருத்தம் என்கிற நீரிழிவு, மடங்காத முழங்கால். பஸ்ஸில் யாராவது முணுமுணுத்தால் சிவனேஸ்வரி சிரித்துச் சமாளிப்பார். பிறகு குசினிக்குள் அடுப்படியில் நின்று அழுவார். கதவுக்கு வெளியேயும் கேட்கும்.

இன்று காலை எட்டரைக்கு அவருடைய முறை. தவறினால் இன்னும் நான்கு மாதம். ஏழு மணிக்கு அக்கா ஆஸ்பத்திரி வாட்டுக்கு வந்தார்.

"அம்மா, நான் சொன்ன மாதிரி விரதமாத்தானே இருக்கிறியள்?"

"ஓம் பிள்ளை, கந்தசட்டிக்குப் பிடிக்கிற மாதிரியே. கொஞ்சப் பாலும் ரெண்டு இதரை வாழைப்பழமும்தான்."

அக்கா கட்டில் விளிம்பில் இருந்துவிட்டார். வயிற்றில் ஏதும் கிடந்தால், மயக்க மருந்து கொடுக்கும்போது மேலேறி மூச்சை அடைத்துவிடும். சனத்துக்கு விளங்கட்டும் என்று 'விரதம்' என்ற சொல்லை எடுத்ததே அவர்தான். சிவனேஸ்வரியின் கண் நிரம்புவதைக் கண்டு, ஏசத் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"பிழை என்னில அம்மா, அழாதேங்கோ. சாப்பிட்டு ஆறு மணித்தியாலம் போனால் பயமில்லை. எத்தினை மணிக்குக் குடிச்சனீங்கள்?"

சிவனேஸ்வரி வாய் திறக்குமுன் பக்கத்தில் நின்ற மகன், அதாவது இதை எழுதுகிறவன், முந்திக்கொண்டான். "விடியப்புறம் ரெண்டு மணிக்கு, அக்கா." அம்மாவின் முறை போய்விடக் கூடாது என்பது மட்டுமே அவன் மண்டைக்குள் இருந்தது.

கட்டிலருகே கப்பில் கொஞ்சப் பால் மிச்சம் இருந்தது. அக்கா அதைத் தொட்டுப் பார்த்தார்.

"ரெண்டு மணிப் பால் இன்னும் சுடுதோடா, தம்பி?"

அவன் செருப்பைப் பார்த்தான்.

"உன்ர பொய்யை நம்பி எட்டரைக்கு உள்ள விட்டிருந்தால், கொம்மா திரும்பி வந்திருக்கமாட்டா. ஒரு மணிக்குரிய நடராசா ஐயா வெறும் வயித்தோட இருக்கிறார். டொக்டரின்ர காலில விழுந்தெண்டாலும் ரெண்டு பேரையும் மாத்திவிடுவன். இப்ப உண்மையான நேரத்தைச் சொல்லு."

"ஆறரை" என்றான், இதை எழுதுகிறவன்.